பல்பு காட்டிக்கொடுத்த கோளாறு

கானாடுகாத்தானில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது காரில் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கும் ஹேண்ட்பிரேக் விளக்கும் சேர்ந்தே எரிந்தன. ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. காரைக்குடியில் ஸ்கேனர் போட்டால் யூ0121, அதாவது ஏபிஎஸ் மாட்யூலோடு தொடர்பு இல்லை என்ற கோளாறுக் குறியீடு. இன்ஜினும் ஏர்பேக்கும் ஸ்கேனரோடு பேசின, ஏபிஎஸ்ஸை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டியான மாட்யூல் மட்டும் பதிலே தரவில்லை.

"மாட்யூல் போயிருச்சுண்ணே" என்றார் மெக்கானிக். பழைய மாட்யூல் ஒன்று வாங்கி மாட்டினோம், அதுவும் வாய் திறக்கவில்லை. பியூஸ் நன்றாக இருந்தது. பேட்டரியும் புதிது. நாலு நாள் போச்சு.

அப்புறம் வீட்டு முகப்பில் வண்டியை நிறுத்தி நானே உட்கார்ந்தேன். பேட்டரியைக் கழற்றி, ஸ்கேனர் செருகும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு இடையே அளந்தேன். 60 ஓம், சரியான அளவு. மாட்யூல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் கம்பிகளில் குறையில்லை. பேட்டரியை மாட்டி மாட்யூல் கனெக்டரில் பார்த்தால் 12.4 வோல்ட். எர்த்தும் (பாடி வழியே பேட்டரி நெகட்டிவுக்குப் போகும் இணைப்பு) மீட்டரில் சரி.

இங்கேதான் மீட்டர் ஏமாற்றும். அது இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு, ஒற்றை இழை ஒட்டியிருந்தாலும் முழு வோல்டேஜ் காட்டும். 21 வாட் பிரேக் பல்பு ஒன்றுக்கு வயர் பற்றவைத்து மாட்யூல் கனெக்டரின் பவர், எர்த் பின்களில் கொடுத்தேன். மின்மினி போல மினுங்கியது. எர்த் முனையை நேரே பேட்டரி நெகட்டிவில் வைத்ததும் பளிச்!

எர்த் போல்ட் வெளியே பார்க்கச் சுத்தமாக இருந்தது. வயர் முனையில் இருக்கும் உலோக வளையமான லக்கை உரித்தால் உள்ளே பச்சைப் பொடி, இரண்டே இழை மிச்சம். வெட்டி, புது லக்கை அழுத்திக் கிரிம்ப் செய்து, பாடியை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன். பழைய குறியீட்டை அழித்ததும் மாட்யூல் பேசியது, விளக்குகளும் அணைந்தன.