மாடி வாசலுக்கு கம்பி போடறப்ப வாசக்கால்ல ஸ்க்ரூ அடிச்சு விட்டுராதீக

நம்ம ராமநாதபுரம் பக்கம் மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரைன்னு எங்க போனாலும் தெருவுக்கு ஒரு வீடாச்சும் இப்படி இருக்கும். மாடியில கதவு இருக்கும், தொறந்தா பால்கனி இருக்காது, அடுத்து பணம் வந்ததும் ஸ்லாப் போட்டுக்கலாம்னு வாசலை மட்டும் விட்டுருப்பாக. அந்த வாசலுக்கு குறுக்க போடற கம்பித் தடுப்பை எப்படி பிடிக்கணும்ங்கிறதுதான் விசயம்.

எங்க அக்கா வீட்டுல போட்டு மூணு வருசம்தான் ஆச்சு. "தம்பி, லேசா ஆடுதுடா, என்னன்னு பாரு"ன்னு சொன்னுச்சு, நான் ஒரு கையால உள்பக்கமா இழுத்தேன், மேல் ஸ்க்ரூ அப்படியே வெளிய வந்துருச்சு. பெயிண்ட் அடிச்ச தலை நல்லாத்தான் இருந்துச்சு, மரத்துக்குள்ள இருந்த தண்டு மட்டும் பென்சில் முனை மாதிரி கரைஞ்சு செவப்புத் தூளா கையில ஒட்டுச்சு, ஓட்டையில இருந்து மரத்தூள் கொட்டுது. அக்கா மகனுக்கு நாலு வயசு, தெனம் சாயங்காலம் அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் படகு கரைக்கு வர்றதைப் பார்ப்பான். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

வாசக்கால்ங்கிறது கதவைத் தாங்கத்தான். செவுத்துல அதைப் பிடிச்சிருக்கறது பக்கத்துக்கு மூணு ஹோல்ட் ஃபாஸ்ட் (செவுத்துக்குள்ள பதிக்கிற இரும்புப் பட்டை), அவ்வளவுதான். ஒரு ஆள் சாஞ்சா வர்ற இழுப்பை ஒன்றரை இஞ்ச் ஸ்க்ரூ தாங்கும்னு நெனைக்கவே கூடாது, அதுலயும் மழைக்கு மரம் ஊதி வெயிலுக்கு சுருங்கி ஓட்டை தானா லூஸாகும், கூடவே உப்புக்காத்து. அதனால கம்பி செவுத்துல நிக்கணும், மரத்துல இல்ல.

மொதல்ல கதவு எங்கிட்டு தொறக்குதுன்னு பாருங்க. வெளிப்பக்கம் தொறக்குற கதவுன்னா உங்களுக்கு வசதி, வாசலை விட பக்கத்துக்கு ஒரு ஆறு இஞ்ச் அகலமா செஞ்சு ரூம் உள்பக்க செவுத்துலயே பிடிக்கலாம், யாராவது சாஞ்சா கம்பி செவுத்தோட இன்னும் அழுந்தும், போல்ட்டை இழுக்காது. உள்பக்கம் தொறக்குற கதவுதான் ஜாஸ்தி, அதுக்கு கம்பி வெளிச்செவுத்துல வரும், சாயிற பாரம் போல்ட்டை நேரா புடுங்கப் பார்க்கும். அங்க சாதா ஆங்கர் போல்ட் வேண்டவே வேண்டாம், செங்கல்லுல அது விரிஞ்சு கல்லையே பிளந்துரும். 12 எம்எம் த்ரெட் ராடை (நீளம் பூரா மரை போட்ட கம்பி) ஒன்பது இஞ்ச் செவுத்துல இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் விட்டு, ரூமுக்குள்ள நாலுக்கு நாலு இஞ்ச், 6 எம்எம் கனத்துல ஒரு பிளேட் வச்சு நட்டு போடுங்க. பக்கத்துக்கு ரெண்டு, மொத்தம் நாலு இடம். ஓட்டை வாசல் ஓரத்துல இருந்து நாலு இஞ்சாவது தள்ளி இருக்கட்டும், வெளிப்பக்கம் ஒரு நூல் (எட்டுல ஒரு பங்கு இஞ்ச்) சரிவா இருக்கட்டும், இல்லைன்னா மழைத்தண்ணி ராடு வழியா ரூமுக்குள்ள வரும். பிளேட்டுக்கு பின்னாடி சுத்தி சிலிக்கான் அடிங்க.

கீழக்கரை, பாம்பன் பக்கம் பவளக்கல்லுல சுண்ணாம்பு வச்சுக் கட்டுன பழைய வீடுகளுக்கும் இதே த்ரூ போல்ட்தான், டிரில்லை ஹேமர் மோடுல (இடிச்சுத் துளைக்கிறது) போடாம மெதுவா துளை போடுங்க, அந்தக் கல்லு பொருபொருன்னு உதிரும். கான்கிரீட் பில்லர் கெடைச்சா கெமிக்கல் ஆங்கர் (ஓட்டையில பசை மருந்து விட்டு ராடை ஒட்ட வைக்கிறது) போடலாம், ஆனா ஓட்டையை பிரஷ் விட்டு தேய்ச்சு ஊதி, திரும்பத் தேய்ச்சு ஊதி, தூசி சுத்தமா போகணும், தூசி இருந்தா மருந்து தூசியைத்தான் பிடிக்கும். ட்யூப்ல போட்ட நேரம் முடியுற வரைக்கும் தொடாதீக. நாலரை இஞ்ச் செவுரா இருந்தா நீங்களா எதுவும் பண்ணாம இன்ஜினியரைக் கூப்பிட்டு காட்டிருங்க.

சாமான் விசயத்துல காசு பார்க்காதீக. கடையில எஸ்எஸ் (ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல்)னு சொல்லி 202 கிரேடு குடுப்பாக, கடல் பக்கம் அது சீக்கிரமே செவப்பாயிரும், 304கூட பழுப்பு கறை புடிக்கும், 316தான் வேணும், அதுல மாலிப்டினம் இருக்கறதால உப்பை நல்லா தாங்கும். காந்தம் வச்சுப் பார்த்து கிரேடு கண்டுபிடிக்க முடியாது, மாலிப்டினம் இருக்கான்னு காட்டுற மாலி டெஸ்ட் சொட்டு விட்டு காட்டச் சொல்லுங்க. ராடு, நட்டு, வாசர் எல்லாமே 316 ஆகணும், ஒரே ஒரு இரும்பு நட்டு போட்டாலும் அதுதான் மொதல்ல அரிக்கும். வெல்டர் அண்ணன்கிட்ட 316எல் வெல்டிங் ராடு போடச் சொல்லுங்க, இரும்பு அறுத்த டிஸ்க்கை இதுல தொட விடாதீக, வெல்டு கருகலை பிக்லிங் பேஸ்ட் (கருகலை எடுக்குற ஆசிட் பசை) போட்டு கழுவச் சொல்லுங்க. 2025ல தொறந்த புது பாம்பன் பாலத்துக்கே எஸ்எஸ் கம்பியும் துரு தடுக்குற பாலிசிலாக்சேன் பெயிண்டும் போட்டாங்கன்னா நம்ம காத்து எப்படின்னு பார்த்துக்குங்க.

உயரம் முடிச்ச தரையில இருந்து நான் மூன்றரை அடி வைக்கச் சொல்லுவேன், வாசப்படி மேடா இருந்தா அந்த மேட்டுல இருந்து அளங்க, புள்ளைங்க அதுலதான் ஏறி நிப்பாக. கம்பி நிக்க வச்சுதான் போடணும், படுக்க வச்சா ஏணி மாதிரி ஏறிரும். இடைவெளி நாலு இஞ்சுக்குள்ள, அடியிலயும் அப்படித்தான்.

துளை போடறதுக்கு முன்னாடி ஸ்விட்ச் போர்டு எங்க இருக்குன்னு பாருங்க, பெரும்பாலும் கதவுக்குப் பக்கத்துலதான் இருக்கும், அதுக்கு நேர் மேல கீழ வயர் பைப்பு ஓடும். அங்க போடாதீக, மெயினை ஆஃப் பண்ணிட்டு டிரில்லுக்கு வேற இடத்துல இருந்து ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே ஆஃப் ஆகுற சுவிட்ச்) உள்ள லைன் எடுங்க. ஈரச் செவுத்துல வேலை வேண்டாம். வெளிய சாரம் கட்டி, பெல்ட் போட்டு, அந்தக் கயித்தை ரூமுக்குள்ள தூண்லயோ வேற கெட்டியான இடத்துலயோ கட்டணும், வாசக்கால்ல கட்டக்கூடாது. தடுப்பை கயிறு கட்டி தூக்குறப்ப தெருவுல போற இபி வயர் மேல கண்ணு இருக்கட்டும், கிட்ட போகும்னா லைன் ஆஃப் பண்ணி வாங்காம தூக்கவே தூக்காதீக. கீழ ஒரு ஆள் நின்னு யாரையும் வர விடாம பார்த்துக்கணும்.

மாட்டுனதும் உடம்பைச் சாச்சு பார்க்காதீக. பெல்ட்டோட ரூமுக்குள்ள உக்காந்து, ஒரு பலகையை மேல் கம்பிக்கு குடுத்து காலால நல்லா உதைச்சு அழுத்துங்க, பிளேட் ஓரத்துல முடி அளவு விரிசல் தெரிஞ்சாலும் கழட்டிட்டு திரும்பப் பிடிங்க. அப்புறம் மாசத்துக்கு ஒருவாட்டி நல்ல தண்ணியில துணி நனைச்சு தொடைங்க, போர் தண்ணி வேண்டாம், அதுலயே உப்புதான். ஐப்பசி மழை தொடங்குறதுக்கு முன்னாடி நாலு நட்டையும் ஸ்பேனர் வச்சு தொட்டுப் பாருங்க. அக்கா வீட்டுல அந்த ஸ்பேனரை வாசலுக்குப் பக்கத்து ஆணியிலயே மாட்டி வச்சிருக்கோம்.