பழைய காருக்கு மேனுவல் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இப்போது பழைய வண்டிகளுக்கு மவுசு கூடியிருக்கிறது. கார் ஷெட்டில் தூசி மூடிக் கிடந்த அம்பாசடரையும் ஃபியட்டையும் பேரப்பிள்ளைகள் வெளியே தள்ளிக்கொண்டு வருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஸ்பேனரைத் தொடும் முன்பே, புத்தகம் வாங்கும் இடத்திலேயே, நாங்கள் அந்த வயதில் விழுந்த பள்ளத்தில் வரிசையாக வந்து விழுகிறார்கள். படிக்காமல் கழற்றாதே, கிழிந்த புத்தகம் வாங்காதே என்பதையெல்லாம் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

வண்டியின் பெயரைப் பார்த்து வாங்குவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். காசும் இதில்தான் அதிகம் கரைகிறது.

பள்ளத்தூர்ப் பையன் ஒருவன், தாத்தா ஓட்டிய ஃபியட் 1100 டிலைட்டை எடுத்து இன்ஜின் வேலையில் இறங்கினான். இணையத்தில் தேடி, இத்தாலியில் ஓடிய ஃபியட் 1100டி வண்டியின் வொர்க்‌ஷாப் மேனுவலை, அதாவது மெக்கானிக் கழற்றி மாட்டுவதற்கான புத்தகத்தை, பிடித்துவிட்டான். சுத்தமான ஸ்கேன், தெளிவான படங்கள். கதவு, பம்பர், டேஷ்போர்டு எல்லாம் அவன் வண்டியைப் போலவே இருந்தன. அதை நம்பி வெளிநாட்டிலிருந்து பிஸ்டன் செட் வரவழைத்தான். சுங்க வரியும் கட்டினான். லேத் பட்டறையில் பிளாக்கை வைத்து அளந்தவர் பிஸ்டனைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது இந்த வண்டிக்கு உள்ளது இல்லையே" என்றார்.

இத்தாலி 1100டி வண்டியில் இருந்தது 1221 சிசி இன்ஜின். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 72 மில்லிமீட்டர். அதே உடம்போடு 1964 முதல் பம்பாயில் பிரிமியர் கம்பெனி செய்த டிலைட்டிலும், பின்னால் அதுவே பத்மினி ஆனபோதும் இருந்தது 1089 சிசி, போர் 68. பிஸ்டன் ஓடும் நீளம் இரண்டிலும் 75 மில்லிமீட்டர்தான். அதனால் படத்தைப் பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆக, இன்ஜினுக்கு 1089 சிசி வண்டியின் மேனுவல் வேண்டும். பாடிக்கு 1100டி மேனுவல் உதவும். ஒரே காருக்கு இரண்டு புத்தகம்.

பையன் அதோடு விடவில்லை. "அண்ணே, 72-க்கே போர் பண்ணிட்டா என்ன?" என்று என்னிடம் வந்து நின்றான். ரீபோர் என்றால் தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து சீராக்குவது; பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்குள் முடிகிற வேலை. நான்கு மில்லிமீட்டர் தள்ளினால் சிலிண்டர் சுவர் எங்கே இருக்கும்? பிஸ்டன் செட் இன்னும் அவன் வீட்டு அலமாரியில் பெட்டியோடு இருக்கிறது.

அம்பாசடரிலும் இதே கூத்து. பல காலம் ஓடியது பிரிட்டனின் பிஎம்சி கம்பெனி வடிவமைத்த 1489 சிசி இன்ஜின். தொண்ணூறுகளில் ஜப்பானிய இசுசு கம்பெனியின் 1817 சிசி பெட்ரோல் இன்ஜின் ஐந்து கியரோடு வந்தது. போதாததற்கு, பெட்ரோல் விலைக்குப் பயந்து இன்ஜினையே இறக்கிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றிய வண்டிகள் நம் பக்கம் ஏராளம். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு வருஷம், பானட்டுக்குள் வேறொரு வருஷம். டிக்கியில் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்பி வாங்கும் மேனுவல் அங்கே எதற்கு ஆகும்?

மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பிளாக்கைத் துடையுங்கள். கிரீஸுக்கு அடியில் இன்ஜின் நம்பர் இருக்கும். சேசிஸ் தகட்டையும் துடையுங்கள். இரண்டையும் போட்டோ எடுத்து, ஆர்.சி.யோடு ஒப்பிட்டுவிட்டு அப்புறம் தேடத் தொடங்குங்கள். கால் மணி நேர வேலை. இதைச் செய்யச் சொன்னால்தான் எல்லோருக்கும் கை அழுக்காகிவிடுகிறது.

ஓனர் மேனுவலோடு நிற்பது

டயர் காற்று, ஆயில் அளவு தெரியும். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற உதவாது.

பார்ட்ஸ் கேட்டலாக்கை ஒதுக்குவது

"அது கடைக்காரருக்கு உள்ளது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எந்த வாஷருக்குப் பின்னால் எந்த ஸ்பிரிங் என்று பிரித்துப் பரப்பிய படம் அதில்தான் இருக்கும். எந்த நம்பர் வண்டியிலிருந்து பாகம் மாறியது என்பதையும் பெரும்பாலும் அதிலேயே பார்க்கலாம். மேனுவல், கேட்டலாக் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால், ஏற்கெனவே வேலை தெரிந்தவர் கேட்டலாக்கை எடுக்கலாம் என்பது என் கட்சி.

அலகைப் பார்க்காமல் எண் மட்டும் படிப்பது

பிரிட்டிஷ் மேனுவலில் போல்ட், நட்டை எவ்வளவு இறுக்கி முறுக்க வேண்டும் என்ற அளவு பவுண்டு-அடியில் இருக்கும். 40 பவுண்டு-அடி என்றால் சுமார் 54 நியூட்டன் மீட்டர், அல்லது 5.5 கிலோகிராம் மீட்டர். இப்போது வாங்கும் டார்க் ரெஞ்சில் நியூட்டன் மீட்டர்தான் முன்னால் தெரியும். அதில் 40 வைத்து முறுக்கினால் ஹெட் தளர்வாகவே நிற்கும், கேஸ்கட் போய்விடும்.

ஜெராக்ஸ் ஒயரிங் படத்தை நம்புவது

மடித்து வைத்த பெரிய தாளை நாலு துண்டாக ஜெராக்ஸ் எடுத்தால், துண்டுகள் சேரும் இடத்தில் இரண்டு ஒயர் காணாமல் போயிருக்கும். பிரிட்டிஷ் மின்சாதனக் கம்பெனியான லூகாஸின் முறையில் போட்ட படத்தில் ஒயர் நிறம் ஒற்றை எழுத்தில் இருக்கும். 'பி' என்றால் கறுப்பு. நீலத்துக்கு 'யு', பழுப்புக்கு 'என்'. 'பி'யை நீலம் என்று எடுத்துக்கொண்டு எர்த் ஒயரில் ஹாரனை மாட்டியவர்கள் உண்டு. அம்பாசடருக்கு மூலமான மோரிஸ் வண்டியின் ஐம்பதுகளின் மேனுவலாக இருந்தால் இன்னொன்றும் பாருங்கள்: அதில் பேட்டரியின் ப்ளஸ் முனைதான் எர்த். உங்கள் வண்டியில் யாராவது மாற்றியிருக்கலாம். தெரியாமல் பேட்டரியைத் திருப்பி மாட்டினால், பின்னாளில் வைத்த ஆல்டர்னேட்டரின் டயோடு அங்கேயே போய்விடும்.

ஸ்கேன் காப்பிக்கு முன்பணம்

கடைசிப் பக்கத்தையும் பொருளடக்கத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பாதவரிடம் வாங்காதீர்கள்.

கடையில் மட்டும் தேடுவது

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் மேனுவல் எப்போதாவது கண்ணில் படும். ஆனால் அங்கே விலை அட்டைப் படத்துக்கு. பிரேம் போட்டு மாட்டுகிறவர்கள் வாங்கிப் போகிறார்கள். சென்னைக்குப் போனால் புதுப்பேட்டையில் பாகத்தோடு சேர்த்துப் புத்தகத்தையும் விசாரியுங்கள்.

பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் கேட்பதென்றால் கல்யாணத்துக்கோ, முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ பங்காளிகள் கூடிக் கதவு திறக்கும் சமயம் பார்த்துப் போங்கள். கணக்குப் பேரேடுகளோடு சேர்ந்து ராமபாணப் பூச்சி தின்றதுபோக ஏதாவது மிஞ்சியிருக்கும். அப்படி ஒரு வீட்டில் நான் கேட்டபோது அந்த ஆச்சி, "வண்டிப் பொஸ்தகமா? அதெல்லாம் டிரைவர்கிட்ட இருக்கும், எங்ககிட்ட கேட்டா?" என்றார். சரியாகத்தான் சொன்னார். முதலாளி வீட்டில் ஓனர் மேனுவல் கிடைக்கும். வொர்க்‌ஷாப் மேனுவல் இருந்தது வண்டியைப் பார்த்துக்கொண்ட டிரைவரிடமும் மெக்கானிக்கிடமும். அந்தக் குடும்பங்களைத் தேடிப் போங்கள். அட்டை இருக்காது, ஆயில் கறை இருக்கும். கறை எந்தப் பக்கங்களில் அதிகம் என்று பாருங்கள். அந்த வண்டி அடிக்கடி எங்கே மக்கர் பண்ணியது என்பது தெரிந்துவிடும். விலைக்குக் கேட்காதீர்கள். அங்கேயே பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு, புத்தகத்தை அவர்களிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.