குருத்து போன தென்னையை எப்போது வெட்டுவது?

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பொழுது விடிந்து பட்டுக்கோட்டைக்குத் தெற்கே இருக்கும் எங்கள் தோப்புக்குப் போனால் நடக்க வழியில்லை. விழுந்த மரத்தில் குழப்பம் இல்லை. நின்ற மரம்தான் ஏமாற்றும். கொண்டை திருகியிருக்கும், ஆனால் மட்டையெல்லாம் பச்சையாக இருக்கும்.

அந்தப் பச்சையை நம்பாதீர்கள். தென்னைக்கு உயிர் ஒற்றைக் குருத்தில்தான். வேம்பு மாதிரி பக்கத்தில் துளிர்க்காது. மரம் ஏறுகிறவரை விட்டு நடுக்குருத்தை லேசாக இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கையோடு உருவிக்கொண்டு வந்து, அடி குழைந்து நாற்றமடித்தால் பெரும்பாலும் முடிந்தது. அழுகல் மேலாக மட்டும் இருந்தால் சுரண்டிவிட்டு 10 சதவீத போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) தடவி, மழை இறங்காமல் மூடி வைத்துப் பார்க்கலாம்.

இறுக்கமாக இருக்கிறதா? குருத்திலும் பக்கத்து மட்டையிலும் ஒரே மட்டத்தில் பெயின்ட் கோடு போடுங்கள். நல்ல மரம் மாதம் ஒரு மட்டை விடும், குருத்துக்கோடு மேலே ஏறிவிடும். மூன்று மாதமாகியும் ஏறவில்லையா, சரி, ஆளைக் கூப்பிடுங்கள்.

நான் கூப்பிடவில்லை. கொல்லையில் நின்றது அப்பா வைத்த தென்னம்பிள்ளை. மரம் ஏறுகிறவர் முதல் மாதமே, "அண்ணே, இது போயிடுச்சு" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. மேட்டூர் அடைத்து, புது ஆறு (கல்லணைக் கால்வாய்) வற்றிய பிறகும் போர் ஓட்டித் தண்ணீர் விட்டேன். வேப்பம்புண்ணாக்கு வைத்தேன். மட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்கி விழுந்தன. எட்டாம் மாதம் நின்றது வெறும் கம்பம். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. உள்ளே உளுத்த இடத்தில் காண்டாமிருக வண்டின் புழு கொழுத்திருந்தது. அது வண்டாகிப் பறந்ததும், புதிதாக வைத்த நாலு கன்றுகளின் மட்டையில் கத்தரியால் வெட்டிய மாதிரி முக்கோண வெட்டு. இரண்டு கன்று போயே போனது.

மனசு வராதவர்களுக்கு ஒரு வழி: முதலில் புதுக் கன்றுக்கான குழியை வெட்டிவிடுங்கள், மூன்றடிக்கு மூன்றடி. குழி வாயைத் திறந்துகொண்டு கிடந்தால் நாள் தள்ள முடியாது. வெட்டிய மரத்தைத் தோப்பில் போடாமல் அன்றைக்கே ஏற்றி அனுப்புங்கள். அடிக்கட்டையையும் பொக்லைன் வைத்துத் தோண்டிவிடுங்கள்.

நான் ஒரு துண்டை மட்டும் நிறுத்திக்கொண்டேன், வைரம் பாய்ந்த அடிப்பாகம். காயவைத்து மாட்டுக்கொட்டகை ஓரத்தில் போட்டிருக்கிறேன். அதில் உட்கார்ந்துதான் அம்மா கீற்று முடைகிறார்.