பெருங்குடல் புற்றுநோய் பரவுவதும் மரபணுக்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்று தெரிந்தவுடன், பரவலுக்கென்றே ஒரு மரபணு இருக்கும், அதைக் கண்டுபிடித்தால் நோயை நிறுத்திவிடலாம் என்று எண்ணுவது பரவலான தவறு. ஏ.பி.சி., கே-ராஸ், டி.பி.53 முதலிய மரபணுக்களில் பிறழ்வுகள் (மாற்றங்கள்) சேரச் சேரச் சாதாரணப் பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சதை முளை) புற்றாக மாறுவதை 1990இல் ஆய்வாளர்கள் ஃபியரனும் வோகல்ஸ்டைனும் விளக்கினார்கள். ஆனால் 2008இல் வோகல்ஸ்டைன் குழுவினர் குடலில் முதலில் தோன்றிய மூலக்கட்டியையும் பரவிய கட்டியையும் ஒப்பிட்டபோது, பரவிய கட்டிக்கென்று புதிய பிறழ்வுகள் அநேகமாக எதுவும் அகப்படவில்லை. பெரிய பாலிப் முற்றிய புற்றாக மாறச் சுமார் 17 ஆண்டுகளும், அந்தப் புற்று பரவும் திறனைப் பெற 2 ஆண்டுகளுக்கும் குறைவான காலமும் ஆகின்றன என்று அவர்கள் கணக்கிட்டனர். பாலிப்பைக் கண்டு அகற்றக் கிடைக்கும் அவகாசம் எவ்வளவு நீண்டது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கணக்கு வேறில்லை.

பிறழ்வு வேறு, மரபணு அளவுக்கு மீறிச் செயல்படுவது வேறு; இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 2009இல் பெர்லினில் உல்ரிக்கே ஸ்டைன் குழுவினர் அடையாளம் கண்ட எம்.ஏ.சி.சி.1 என்னும் மரபணு மூலக்கட்டியில் மிகையாகச் செயல்பட்டால், பிற்காலத்தில் நோய் பரவும் வாய்ப்பு கூடுகிறது. அது அணுவின் மேற்பரப்பில் வளர்ச்சிச் சைகைகளை வாங்கும் மெட் என்னும் ஏற்பியின் உற்பத்தியைக் கூட்டி, புற்றணுக்கள் இடம்பெயரவும் பெருகவும் தூண்டுகிறது. 2001இல் பரவலோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்ட பி.ஆர்.எல்.-3 மரபணுவும், ஆராயப்பட்ட 18 பரவிய கட்டிகள் அனைத்திலும் மிகையாகச் செயல்பட்டது. ஆகவே, ஆய்வகப் பரிசோதனை அறிக்கையில் 'பிறழ்வு இல்லை' என்றிருப்பதைப் 'பரவாது' என்று படிக்கக் கூடாது. அதே வேளையில், எம்.ஏ.சி.சி.1 இன்னும் வழக்கமான சிகிச்சை முடிவுகளுக்குரிய பரிசோதனையாகவில்லை என்பதால், அதற்காகப் பணம் செலவழிக்கும் முன் மருத்துவரிடம் கேட்பது நல்லது.

மரபணு என்றாலே பரம்பரை என்று பிள்ளைகளை நினைத்துக் கலங்குபவர்களும் உண்டு. பெரும்பாலான பிறழ்வுகள் கட்டிக்குள் மட்டுமே தோன்றியவை. அவை சந்ததிக்குச் செல்வதில்லை. எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 போன்றவற்றில் பிறவிப் பிறழ்வால் வந்து, குடல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் லிஞ்ச் நோய்க்குறி விதிவிலக்கு. அதைக் குடும்பத்தினரின் ரத்தப் பரிசோதனையால் அறியலாம்.

நோய் பரவிய நிலையில், ராஸ் (கே-ராஸ் உள்ளிட்ட மரபணுக் குடும்பம்) பரிசோதனை முடிவு வரும் முன்பே சிட்டுக்சிமாப் என்னும் புற்றுநோய் மருந்தைத் தொடங்குவது வீண். அறிக்கையில் 'கே-ராஸ் ஜி12டி' போன்ற பிறழ்வு காணப்பட்டால், அந்த மருந்து பயன் தராது. இதற்காகக் கல்லீரலில் மீண்டும் ஊசி போட்டுத் திசு எடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. ராஸ் நிலை மூலக்கட்டியிலும் பரவிய கட்டியிலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், முதல் அறுவைச் சிகிச்சையில் எடுத்து மெழுகில் பதித்த திசு பிளாக் பெரும்பாலும் போதுமானது. அதை ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கலாம்.