சுத்தம் செய்த மெயிலில் மறுபடி கை வைக்காதீர்கள்

வெப்மெயில் நிரல் எழுதும் புதியவர்களின் வேலையைச் சரிபார்த்துத் தருவது என் அன்றாடப் பணி. அந்நியர் அனுப்பும் மெயிலின் ஹெச்டிஎம்எல்லில் ஒளிந்திருக்கும் நிரல் பயனரின் பிரவுசரில் ஓடக் கூடாது. அதற்கு ஸ்கிரிப்ட் டேகை நீக்க வேண்டும், ஆன்கிளிக் போன்ற, நிரலை ஓட்டும் பண்புகளை அனுமதிக்கக் கூடாது என்பதெல்லாம் இப்போது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம். தெரிந்தவர்களே திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் வேறு.

கெட்டதைத் தேடித் தடுப்பது

அனுமதிக்கும் டேகுகளை மட்டும் பட்டியலிடுங்கள், மீதி எல்லாம் வெளியே. 2006 ஜூனில் யாஹூ மெயிலில் பரவிய யமானர் புழு, படத்தின் ஆன்லோடு (படம் ஏறியதும் நிரலை ஓட்டும் பண்பு) வழியாக நுழைந்தது. மெயிலைத் திறந்தாலே போதும், முகவரிப் புத்தகத்தில் இருந்தவர்களுக்குத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது.

சுத்தம் செய்தபின் மாற்றுவது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். டோம்ப்யூரிஃபை மாதிரி நல்ல லைப்ரரியைப் போட்டு மெயிலைச் சுத்தம் செய்கிறார்கள். அப்புறம், அந்தச் சுத்தமான ஹெச்டிஎம்எல்லை வெறும் எழுத்துச் சரமாக எடுத்து, இணைய முகவரிகளை லிங்க் ஆக்குகிறேன் என்று ரெஜெக்ஸை (எழுத்து வடிவத்தைத் தேடி மாற்றும் விதி) ஓட்டுகிறார்கள்.

என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒரு படம், அதன் ஆல்ட் (மாற்று உரை) மதிப்பில் மேற்கோள் குறிகளுக்குள் ஒரு இணைய முகவரி. அந்த முகவரியின் வாலில் ஒரு சாய்கோடு, அதை ஒட்டி ஆன்எரர், அதாவது படம் கிடைக்காவிட்டால் நிரலை ஓட்டும் பண்பு. சுத்திகரிப்பான் இதைத் தொடாது. தொடவும் தேவையில்லை, மேற்கோளுக்குள் இருப்பது வெறும் உரைதான். அடுத்து உங்கள் ரெஜெக்ஸ் வந்து முகவரியைச் சுற்றி ஆங்கர் (லிங்க்) டேகைப் போடுகிறது. புது டேகின் முதல் மேற்கோள் குறி, ஆல்ட்டின் மேற்கோளை மூடிவிடுகிறது. முகவரி வெளியே விழுகிறது. பிரவுசர் அதைச் சாய்கோடுகளில் பிரித்துப் படித்து, ஆன்எரரை நிஜமான பண்பாக எடுத்துக்கொள்கிறது. படம் கிடைக்காது, ஸ்கிரிப்ட் ஓடும். தாக்குபவர் கொண்டுவந்தது பாதிதான். மீதியை முடித்துக் கொடுத்தது உங்கள் ரெஜெக்ஸ்.

'லிங்க் ஒன்றுதானே சார், இதில் என்ன இருக்கிறது?' என்று கேட்பார்கள். 2020 டிசம்பரில் ரவுண்ட்கியூப் என்ற வெப்மெயில் மென்பொருள் அடைத்த ஓட்டை, லிங்குகளை மாற்றும் பகுதியில்தான் இருந்தது. அதுவும் சாதா டெக்ஸ்ட் மெயிலில்! புரோட்டான் மெயிலில் 2022-ல் சோனார் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டதும் இதே இனம். டோம்ப்யூரிஃபை ஒழுங்காகச் சுத்தம் செய்தது. அதன்பின் எஸ்விஜி (வரைகலைப் படம்) டேகின் பெயரை மட்டும் மாற்றினார்கள். எஸ்விஜிக்குள் ஸ்டைல் டேகை பிரவுசர் படிக்கும் விதம் ஒன்று, வெளியே படிக்கும் விதம் வேறு. பெயர் மாறியதும் உள்ளே உரையாகக் கிடந்தது டேகாக உயிர்பெற்றது. 2024 ஆகஸ்டில் மறுபடி ரவுண்ட்கியூபில், சுத்தம் செய்த உடலை மாற்றும் இடத்திலேயே இன்னொரு ஓட்டையை மூடினார்கள். அனுபவசாலிகளே சறுக்கும் இடம் இது.

செய்ய வேண்டியது: லிங்க் ஆக்குவது, உள்படங்களை மாற்றுவது, பழைய மேற்கோள்களை மடக்குவது எல்லாவற்றையும் முதலில் முடியுங்கள். சுத்தம் செய்வது கடைசி. அதன்பிறகும் மாற்றியே ஆக வேண்டுமென்றால் டோம் மரத்தின் (பிரவுசர் ஹெச்டிஎம்எல்லைப் பிரித்து வைக்கும் அமைப்பு) உரை முனைகளில் மட்டும் மாற்றுங்கள், எழுத்துச் சரத்தில் வேண்டாம். முடிந்த மெயிலை ஸ்கிரிப்ட் அனுமதியில்லாத சாண்ட்பாக்ஸ் ஐஃபிரேமுக்குள் (பக்கத்துக்குள் தனியாக அடைத்த சட்டம்) காட்டுங்கள், எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் சிஎஸ்பி விதியும் கட்டாயம். புரோட்டானில் இந்த இரண்டும் இருந்ததால்தான், ஆய்வாளர்கள் அவற்றையும் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

மெயிலின் உடலை மட்டும் பார்ப்பது

பொருள் வரி, அனுப்பியவர் பெயர், இணைப்புக் கோப்பின் பெயர், காலண்டர் அழைப்பின் ஹெடர்: எல்லாம் அந்நியர் எழுதியவை.

இணைப்புக் கோப்புகளை மெயில் தளத்தின் அதே டொமைனில் திறப்பது

வேண்டாம்.

குக்கியைப் பூட்டினால் போதும் என்பது

லாகின் குக்கிக்கு ஹெச்டிடிபிஓன்லி என்ற பூட்டைப் போட்டால் ஸ்கிரிப்டால் குக்கியைப் படிக்க முடியாது, அவ்வளவுதான். ஸ்கிரிப்ட் ஓடுவது பயனரின் செஷனுக்குள். மெயில்களைப் படிக்கும், மற்ற தளங்களுக்கான பாஸ்வேர்டு மீட்பு மெயிலையும் எடுக்கும், எல்லாவற்றையும் வெளியே ஃபார்வர்டு செய்ய ஒரு ஃபில்டரையும் வைத்துவிடும். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த ஃபில்டர் அப்படியே இருக்கும். ஓட்டையை அடைத்த அன்றே எல்லாக் கணக்குகளின் ஃபார்வர்டு விதிகளையும் எடுத்துப் பாருங்கள்.