ஒயின் சட்டென்று குளிர ஐஸோடு தண்ணீரும் வேண்டும்

உணவக விருந்தில் ஒயின் பாட்டில் வெதுவெதுப்பாக மேசைக்கு வந்தால், வாளியில் ஐஸ் மட்டும் போடாமல் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு என்று கலக்கச் சொல்லுங்கள். பாட்டிலைக் கழுத்துவரை அமிழ்த்தி அவ்வப்போது மெதுவாகச் சுழற்றினால், அறைச் சூட்டில் இருந்த வெள்ளை ஒயின் 15 முதல் 20 நிமிடத்தில் குடிக்கும் பதத்துக்கு வந்துவிடும். விளக்குகள் எரியும், ஆட்கள் நிறைந்திருக்கும் கூடத்தில் சிவப்பு ஒயினும் சூடேறிப்போகும். அதைக் குளிர்விக்க இதே வாளியில் 5 முதல் 10 நிமிடம் போதும். 18 டிகிரிக்கு மேல் போனால் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் முதலில் ஏறும்.

ஐஸ் கட்டிகளுக்கு நடுவே இருப்பது காற்று. அது வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. தண்ணீரோ பாட்டிலைச் சுற்றிலும் ஒட்டி நிற்கும். உப்பு அந்தத் தண்ணீரைச் சுழியத்துக்கும் கீழே குளிரச் செய்யும். ஊற்றும் முன் பாட்டிலைக் கட்டாயம் துடையுங்கள், உப்புநீர் ஒரு சொட்டு கோப்பையில் விழுந்தாலும் ருசி கெடும்.

அடியில் வண்டல் படிந்த பழைய சிவப்பு ஒயினுக்கு இது ஆகாது, சுழற்றினால் கலங்கிவிடும். ஓவியர் வரைந்த லேபிளைப் பத்திரப்படுத்த நினைத்தாலும் வேண்டாம். தண்ணீரில் ஊறி உரிந்து வந்துவிடும். அந்தப் பாட்டிலை முன்கூட்டியே ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்வதே நல்லது.