மழைக்கால ஓரியண்டியரிங்: சேற்றில் கால் ஊன்றுவது எப்படி?

வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு, குறித்த இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போவதுதான் ஓரியண்டியரிங். நம் குமரி மாவட்டத்துக்கு ஜூனில் தொடங்கும் மழையும் உண்டு, அக்டோபரில் தொடங்கும் மழையும் உண்டு. காய்ந்த தரையில்தான் பழகுவேன் என்றால் பாதி வருஷம் காத்திருக்க வேண்டும். ஈரத்திலேயே பழகலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள்: மழைநாளில் குறுக்குவழியைவிடக் கால் நிற்கிற வழியே சீக்கிரம் கொண்டுசேர்க்கும்.

படி 1: இடமும் நாளும்

சரணாலயக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. குலசேகரம், அருமனை பக்கம் ஏதாவது ஒரு ரப்பர் விளையில் (தோட்டத்தில்), உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். மேடு, பள்ளம், ஓடை, பாறை எல்லாம் அங்கேயே கிடைக்கும். பால் வெட்டுகிறவர்களைக் கண்டால் எந்தச் சரிவு வழுக்கும் என்று கேட்டுவிடுங்கள். அந்தத் தரையை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் கிடையாது.

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் உபரி நீர் திறந்துவிட்டிருக்கும் நாளில் கோதையாறு, பரளியாற்றுக் கரைகளை ஒட்டி வழி போடாதீர்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் மழையே இல்லாவிட்டாலும் தண்ணீர் ஏறும்.

படி 2: ஷூ

அடிப்பாகத்தில் ஆழமான, இடைவெளி விட்ட பற்கள் உள்ள ஷூ வேண்டும். பற்கள் நெருக்கமாக இருந்தால் நடுவில் செம்மண் அப்பிக்கொண்டு பத்தடிக்குள் வழவழப்பாகிவிடும். குதிகால் உள்ளே ஆடாதபடி லேஸை இறுக்கிக் கட்டுங்கள். முழுக்கால் பேன்ட், உயரமான சாக்ஸ். அட்டைக்கும் முள்ளுக்கும் இரண்டும் உதவும். ஒரு விசில், ஒரு கிரேப் பேண்டேஜ், உறையில் போட்ட செல்போன் கட்டாயம்.

படி 3: கிளம்புமுன் படத்தைப் படியுங்கள்

ஓரியண்டியரிங் படத்தில் வெள்ளை என்றால் ஓடக்கூடிய காடு. பச்சை கூடக்கூட அடர்த்தி கூடும். கிடைமட்ட நீலக் கோடுகள் சதுப்பு. அதைச் சுற்றிக் கருப்பு விளிம்பு இருந்தால் கடக்கவே கூடாது. பழுப்புக் கோடுகள் நெருங்கி நின்றால் செங்குத்துச் சரிவு. அங்கே நேராக இறங்குவதை விட்டு, ஒரே உயரத்தில் சுற்றிப் போகும் பாதையைப் பிடியுங்கள்.

படத்தில் வராத ஆபத்தும் உண்டு. மழைநீரையும் மண்ணையும் பிடித்துவைக்க, ரப்பர் வரிசைகளுக்கு நடுவே நீளவாட்டில் குழி வெட்டியிருப்பார்கள். முழங்கால் ஆழத்துக்கு மேலேயே இருக்கும். மழையில் குழி நிரம்பி, மேலே சருகு மிதந்து, சுற்றியுள்ள தரையைப் போலவே தெரியும். பயறுக்கொடி படர்ந்திருந்தால் அதுகூடத் தெரியாது. ஒரு குழியைக் கண்டால் அதே வரிசையில் அடுத்ததும் இருக்கும் என்று வைத்துக்கொண்டு மரத்தடியை ஒட்டியே நடங்கள்.

படி 4: காலை வைக்கும் விதம்

படம் பார்க்க வேண்டுமா, நில்லுங்கள். நான் பார்த்தவரை கால் பிசகுவது, படத்தில் கண்ணை வைத்துக்கொண்டே எடுத்துவைக்கும் அந்த இரண்டு மூன்று அடியில்தான். நிற்கும் இடத்தைக் கட்டைவிரலால் படத்தில் பிடித்துக்கொண்டால், அடுத்த முறை தேடாமல் ஒரே பார்வையில் எடுத்துவிடலாம்.

இறக்கத்தில் முழங்காலைச் சற்று மடக்கி, சின்னச் சின்ன அடியாக, முழுப் பாதமும் படும்படி பைய வையுங்கள். வேரின் மீது மிதிக்காமல் தாண்டுங்கள். தோல் உரிந்து மினுங்கும் வேர்தான் மிக மோசம். பாறையில் கரும்பச்சையாகப் பளபளத்தால் பாசி. சொரசொரப்பாக, மங்கலாக இருக்கும் இடத்தில் கால் நிற்கும். விளைகளுக்கு நடுவே எல்லைச் சுவராக உள்ள கையாலையில் மழைக்காலத்தில் ஏறாதீர்கள், கல்லோடு சேர்ந்து சரியும். சுற்றிப் போனால் கொஞ்ச நேரம்தான் ஆகும்.

விழப்போகிறோம் என்று தெரிந்தால் கையை நீட்டி ஊன்றாமல், குனிந்து பக்கவாட்டில் உட்கார்ந்துவிடுங்கள். கையை ஊன்றி விழுந்தபின் கட்டைவிரலின் அடிக்குழிவில் வலி நின்றால் சும்மா விடாதீர்கள். அங்குள்ள சிறு எலும்பில் ஏற்படும் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம்.

படி 5: கால் பிசகிவிட்டால்

அநேகமாகப் பாதம் உள்பக்கம் மடங்கி, கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார் இழுபடும். உட்காருங்கள். கணுக்காலின் இருபக்க எலும்பு முண்டுகளின் பின்விளிம்பையும் நுனியையும் அழுத்திப் பாருங்கள். சுண்டுவிரல் பக்கம், பாதத்தின் நடுவில் துருத்தும் எலும்பையும் அழுத்துங்கள். இவற்றில் எங்காவது எலும்பே வலித்தாலோ, நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

நம்மூரில் கால் பிசகினால் உடனே எண்ணெய் போட்டுத் தடவி இழுத்துவிடச் சொல்வார்கள். வர்ம வைத்தியத்துக்குப் பெயர்போன மண், அந்தக் கைப்பழக்கத்தின் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் எலும்பு முறியவில்லை என்று தெரியும்வரை யாரும் இழுக்கவோ திருகவோ வேண்டாம். முதல் இரண்டு நாள் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், வீக்கம்தான் கூடும். பேண்டேஜ் சுற்றி, காலை இதயத்துக்கு மேலே உயர்த்தி, துணியில் சுற்றிய ஐஸை 15 அல்லது 20 நிமிடம் வையுங்கள்.

நடந்துதான் வெளியே வர வேண்டுமென்றால் ஷூவைக் கழற்றாதீர்கள். வீங்கியபின் மறுபடி நுழையாது. நடக்கவே முடியாவிட்டால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. 108-ஐ அழைத்து, அருகிலுள்ள சாலை அல்லது கோயில் பெயரைச் சொல்லுங்கள்.

படி 6: வீட்டுக்கு வந்தபின்

சிராய்ப்புகளை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு, மண் துகள் போகும்வரை கழுவுங்கள். மண் புகுந்த காயத்துக்கு, கடைசி டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டிவரும். அப்புறம், எலிக்காய்ச்சல் கிருமி சேற்றுநீரில் இருந்து தோலின் வெடிப்பு வழியாகக்கூட உள்ளே போகும். காய்ச்சல் வர ஒரு மாதம்கூட ஆகலாம். அதற்குள் காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ கண் சிவப்போ வந்தால், சேற்றில் நடந்ததை நீங்களாகவே டாக்டரிடம் சொல்லுங்கள்.